ஆயிரம் வராகனும் ஆயிரம் ரூபாயும்

மொழி கற்பதற்குக் கூலி கொடுக்கலாமா? கேள்வி சற்று முரட்டுத்தனமாக ஒலிக்கலாம். ஆனால் பரிசு, ஊக்கத்தொகை, படி உயர்வு, வேலைவாய்ப்பில் முன்னுரிமை என்று எந்தப் பெயரில் வந்தாலும், அடியில் இருப்பது இக்கேள்விதான். வகுப்பறைக்கு வெளியே, ஆசிரியரின் கட்டாயமின்றி, ஒரு மாணவன் தானாகவே ஒரு மொழியைக் கற்க வேண்டுமென்றால் அவனுக்கு எதைக் காட்டி அழைப்பது?

ஓமலூரில் இருந்துகொண்டு இக்கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் கருப்பூருக்கு அருகே, 1997-ல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் கல்லூரிகளுக்கு அதுவே தாய்வீடு. அங்கே பயில வரும் பிள்ளைகளில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பாடநூலில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் இளைஞர்களை இந்தச் சமவெளியில் எங்கும் காணலாம். மொழிகள் இவர்களுக்குப் புதியவை அல்ல. ஆனால் ஒரு மொழியை எழுத்தோடும் இலக்கியத்தோடும் சேர்த்துத் தாமாகவே கற்பது என்பது வேறு காரியம். அதற்குத் தூண்டுகோல் எது என்பதே நம் விசாரணை. விடையைத் தேட நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. தொடக்கம் வியப்பளிக்கும் வகையில் நம் மண்ணிலேயே கிடைக்கிறது.

1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. இப்பகுதியை நிர்வகிக்க யாரை அனுப்புவது என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் யோசித்தபோது ஒரு சங்கடம் எழுந்தது. சென்னையில் இருந்த குடிமைப் பணியாளர்களில் நாட்டு மொழி அறிந்தவர் மிகச் சிலரே. ஏடெழுதவும் வணிகம் செய்யவும் வந்தவர்களுக்கு மொழிபெயர்க்கத் துபாஷிகள் இருந்தார்கள். அவர்களை நம்பியே காலம் கழிந்தது. ஆகவே காரன்வாலிஸ் வழக்கத்தை மீறிப் படைவீரர்களைத் தேர்ந்தெடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் மன்றோ, கிரஹாம், மெக்லியாட் ஆகிய மூவரும் இங்கே வந்தார்கள். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய தாமஸ் மன்றோதான் அந்த மன்றோ. இளம் படை அதிகாரியாக இருந்த காலத்திலேயே அவர் இந்துஸ்தானியையும் பாரசீகத்தையும் தம் முயற்சியில் கற்றிருந்தார். குடியானவனிடம் நேரில் தீர்வை பேசும் ரயத்துவாரி முறைக்கு வித்திடப்பட்டது இவர்கள் நிர்வகித்த இந்த நிலத்தில்தான். அம்முறையின் நன்மை தீமைகள் வேறு விவாதம். நமக்கு வேண்டியது ஒன்றே: மொழியறிவுக்காக ஒரு பதவி தரப்பட்ட நிகழ்ச்சி, நம் மாவட்டத்தின் கம்பெனி ஆட்சி வரலாற்றில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் தாமாகக் கற்ற மன்றோக்கள் தற்செயலாகக் கிடைப்பவர்கள். அரசுக்கோ ஆண்டுதோறும் ஆட்கள் தேவை. அத்தேவையிலிருந்து பிறந்ததே 1812-ல் சென்னையில் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. நுங்கம்பாக்கத்தில் இன்றும் கல்லூரிச் சாலை என்று வழங்கும் பெயர் அதன் எச்சமே. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் அதிகாரிகள் தென்னிந்திய மொழிகளைக் கற்பதற்காக ஏற்பட்ட இக்கல்லூரிக்கு உயிராக இருந்தவர் எல்லிஸ். பண்டிதர்களும் முன்ஷிகளும் கற்பித்தார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் தேர்வுகள் நடந்தன. மாணவனின் தேர்ச்சிக்கேற்ப மாதப்படி உயர்ந்தது. உயர்ந்த தேர்ச்சி காட்டியவருக்கு ஆயிரம் வராகன் பரிசாகக் கிடைத்தது. மொழியைக் கற்பதற்குக் கூலி என்று நாம் முரட்டுத்தனமாகக் கேட்டது அங்கே ஒளிவுமறைவின்றி நடைமுறையில் இருந்தது.

விளைவு என்ன? அலுவல் நடத்தப் போதிய மொழியறிவோடு பலர் வெளிவந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லிஸைப் போன்ற ஒருவரைக் கல்லூரி உருவாக்கிற்றா என்று கேட்டால் தயங்க வேண்டியிருக்கிறது. எல்லிஸ் 1796-ல் சென்னைக்கு வந்தவர். கல்லூரியும் அதன் பரிசும் ஏற்படுவதற்கு முன்பே தமிழில் ஆழ்ந்துவிட்டவர். திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து விளக்கம் எழுதியவர். தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்ற கருத்தைச் சான்றுகளோடு 1816-ல், காம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்குறிப்பில், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே அச்சில் வைத்தவர். பரிசை வகுத்தவர் பரிசுக்காகக் கற்றவர் அல்லர். இந்த முரணை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் அது நம் முன் வரும்.

இன்னொரு முரணும் உண்டு. ஆயிரம் வராகனின் உண்மையான பயனைப் பெரிதும் அடைந்தது தமிழ்தான். ஆங்கிலேய மாணவர்களுக்குப் பாடநூல் வேண்டியிருந்ததால் கல்லூரி நூல்களை அச்சிட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1824-ல் அச்சேறியது அவ்வாறுதான். கல்லூரியின் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் உரைநடையில் தந்த பஞ்சதந்திரம் 1826-ல் வெளிவந்தது. பாட்டும் உரையுமாக ஏட்டில் வாழ்ந்த தமிழுக்கு, கதை சொல்லும் எளிய உரைநடை ஒன்று பாடநூல் வழியே வாய்த்தது. பரிசைப் பெற்றவர்களில் பெரும்பாலோரின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. கற்பிக்கும் பொருட்டு எழுதப்பட்ட நூல்கள் நின்றுவிட்டன. 1854-ல் கல்லூரி மூடப்பட்டு, தேர்வு நடத்தும் குழு ஒன்று மட்டும் அதன் இடத்தைப் பெற்றது. கற்பித்தல் போய்த் தேர்வு மட்டும் எஞ்சியது என்பதும் கவனிக்கத்தக்கதே.

அடுத்த நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. இப்போது தமிழைக் கற்கப் பரிசு வேண்டியிருந்தது தமிழருக்கே. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்தைத் தந்தது. தமிழ் படித்தவனுக்குத் திண்ணைப் பள்ளியும் வறுமையும் மிஞ்சின. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் இதற்கொரு மாற்றுத் தேடியது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகளில் தேர்வுகளை ஏற்படுத்திற்று. இவற்றின் சிறப்பு, கல்லூரிக்குப் போகாமல் தனியே பயின்றவரும் எழுதலாம் என்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வுக்கும் அவ்வாறே தனித்தேர்வர்களாகப் படித்தவர்கள் உண்டு. அத்தேர்வில் முதலிடம் பெறுபவருக்குத் திருப்பனந்தாள் காசி மடம் ஆயிரம் ரூபாய் பரிசளித்தது.

அப்பரிசைப் பெற்ற ஒருவரின் கதை நமக்கு அண்மையானது. திருப்பத்தூர், 1911 வரை நம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த வட்டம். அங்கே பள்ளிப்படிப்பை முடித்த ஓர் இளைஞர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். உடல்நலம் இடம் கொடுக்காததால் அவ்வேலையை விட்டார். முருகைய முதலியார் என்னும் ஆசிரியரிடம் தமிழ் பயின்று, 1931-ல் வித்துவான் முதல்நிலைத் தேர்வில் தேறினார். பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எஞ்சிய பாடங்களைத் தாமே படித்தார். 1935-ல் வித்துவான் தேர்வெழுதி மாகாணத்தின் முதல் மாணவராகத் தேறி, திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாயைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. அவரே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியராகவும், 1971 முதல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய மு. வரதராசன்.

அக்காலத்தில் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரின் பல மாதச் சம்பளத்தைத் தாண்டிய தொகை. ஆயினும் மு.வ. அதற்காகவே படித்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு அந்தப் பரிசு என்ன செய்தது? வித்துவான் பட்டம் அவருக்கு ஒரு படிக்கட்டு ஆனது. 1939-ல் கீழ்த்திசை மொழிகளில் இளநிலைப் பட்டம், அதே ஆண்டு பச்சையப்பன் கல்லூரியில் பணி, 1944-ல் முதுநிலை, 1948-ல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் என்று வழி நீண்டது. ஒரு சிற்றூர் ஆசிரியரின் தனிப்பட்ட உழைப்பு ஊரறிய ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதே அப்பரிசின் முதற்பயன். நீ தனியாகப் படித்தாலும் உன் படிப்பு கணக்கில் வரும் என்ற உறுதியை அது தந்தது. தனித்துக் கற்பவனுக்குப் பணத்தைவிடப் பெரிய பசி இந்த உறுதியின்மேல்தான் என்பது நம் எண்ணம்.

உறுதி கிடைக்காதபோது என்ன நேரும் என்பதற்கும் சேலத்திலேயே சாட்சி இருக்கிறது. தேவநேயப் பாவாணர் 1924-ல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்வில் தேறியவர். பள்ளி ஆசிரியராக ஊர் ஊராக மாறிக்கொண்டே பல மொழிகளின் இலக்கணங்களையும் அகராதிகளையும் தாமே கற்றவர். மொழியாராய்ச்சியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு ஏற்கப்படவில்லை. 1944-ல் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்க வந்தார். முதல்வர் ராமசாமிக் கவுண்டரின் ஆதரவு அவருக்கு வாய்த்தது. இங்கே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். இங்கே பணியில் இருந்தபோதே 1952-ல், ஐம்பது வயதில், தமிழ் முதுகலைப் பட்டம் பெற்றார். அதற்குள் ஒப்பியன் மொழிநூலை எழுதி வெளியிட்டிருந்தவர் அவர். ஆசிரியராக இருக்க வேண்டியவர் மாணவராகத் தேர்வெழுதிய காட்சி அது. அவருடைய முடிவுகளில் பலவற்றை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆனால் அவருடைய உழைப்பை அவர்களும் மறுப்பதில்லை. சேலம் மாவட்டத்துச் சமுத்திரம் கிராமத்தில் பிறந்த பெருஞ்சித்திரனார் அக்கல்லூரியில் அவரிடம் பயின்றவர். பின்னர் தென்மொழி இதழைத் தொடங்கிப் பாவாணரின் அகராதிக் கனவுக்குத் தோள் கொடுத்தார். பல்கலைக்கழகம் தராத ஊக்கத்தை ஒரு கல்லூரி முதல்வரும் ஒரு மாணவரும் தந்தார்கள் எனலாம். ஊக்கம் என்பது எப்போதும் தொகையாகவே வருவதில்லை.

பரிசுக்கு நேர் எதிர்முனையில் நிற்பது கட்டாயம். அதன் வரலாற்றிலும் சேலத்துக்காரர் ஒருவர் நடுநாயகமாக நிற்கிறார். 1918-ல் சென்னையில் காந்தியடிகளின் முயற்சியால் இந்திப் பிரசாரம் தொடங்கியது. விரும்பியவர் படிக்கலாம், விரும்பிய நிலைவரை தேர்வெழுதலாம் என்பது அதன் முறை. தென்னகத்தில் ஆயிரக்கணக்கானோர் மாலை நேரங்களில் அதைத் தாமாகவே படித்தார்கள். இன்றும் தமிழ்நாட்டில் அந்தத் தேர்வுகளை எழுதுவோர் ஏராளம். அதே மொழியை, சேலத்தில் வழக்கறிஞராக இருந்து நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, மாகாணப் பிரதமரான பின் 1938-ல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியபோது நாடு கொதித்தது. பெரியார் சிறை சென்றார். 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிர் துறந்தார்கள். 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பின் அரசியல் காரணங்கள் ஆழமானவை. அவற்றை ஒரு பத்தியில் அடக்க முடியாது. நம் பொருளுக்கு வேண்டிய பாடம் இது: தானாகக் கற்பவனின் கையில் இருக்கும் மிகப் பெரிய செல்வம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை. அந்த உரிமையைப் பறித்த பிறகு எந்தச் சலுகையும் இனிப்பதில்லை.

பரிசு, ஒப்புதல், கட்டாயம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டோம். இவற்றுள் பரிசின் இயல்பைச் சோதனைக்கூடத்திலேயே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் மொழி கற்போரின் மனநிலையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் ராபர்ட் கார்ட்னர். அவரும் பீட்டர் மேக்கின்டையரும் 1991-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு 26 பிரெஞ்சுச் சொற்களை ஆங்கில இணைகளோடு கற்கத் தந்தார்கள். ஒரு பிரிவினரிடம், நன்கு கற்றால் பத்து டாலர் கிடைக்கும் என்றார்கள். மறுபிரிவினரிடம், இயன்றவரை முயலுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பணத்தை எதிர்பார்த்தவர்கள் கூடுதலாகவே கற்றார்கள். கற்க அதிக நேரமும் செலவிட்டார்கள். ஆனால் பரிசுக்கு இனி வாய்ப்பில்லை என்றானதும் அந்தக் கூடுதல் உழைப்பு நின்றுவிட்டது. அந்த மொழி பேசும் மக்களோடு நெருங்க வேண்டும் என்ற விருப்பம் உள்ளவர்களும் அதே ஆய்வில் மற்றவர்களைவிட அதிகம் கற்றார்கள். அவ்விருப்பத்தை யாரும் நடுவில் நிறுத்திவிட முடியாது.

இரு நூற்றாண்டு வரலாறு நமக்குச் சொல்வதும் இதுவே. பணம் பொய் சொல்வதில்லை. அது வேலை செய்கிறது. கொடுக்கும்வரை வேலை செய்கிறது. எனவே பரிசை இகழ்வதும் தவறு, பரிசையே நம்புவதும் தவறு. கொடுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில காலத்துக்குள் வேறொன்று மாணவனைப் பற்றிக்கொள்கிறதா என்பதே கேள்வி.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் காலத்துச் சலுகைகளைப் பார்க்கலாம். 2010-ல் இயற்றப்பட்ட சட்டம், தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தந்தது. 2020-ல் வந்த திருத்தம், பள்ளி முதலாகத் தொடர்ந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. கிராமப்புற மாணவருக்கு இது நியாயமான கைதூக்கல். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அது பயிற்றுமொழிக்கான சலுகை. கல்லூரிக்கு வந்தபின் ஒருவன் தானாகச் சங்க இலக்கியம் படித்தாலும் கன்னடம் கற்றாலும் அது அவனைத் தொடாது. 2022 முதல் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு நடத்தி, 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் வழங்குகிறார்கள். அருமையான முயற்சி. ஆனால் பள்ளி முடிந்ததும் தொகையும் முடிகிறது. கல்லூரிப் பருவத்தில், தானாகக் கற்கும் வயது உண்மையில் தொடங்கும்போது, அந்த மாணவனுக்காக அடுத்த படி ஒன்று காத்திருக்கவில்லை.

மு.வ.வுக்கு 1935-ல் கிடைத்தது அந்த அடுத்த படிதான். வகுப்பில் சேராதவனுக்கும் திறந்திருந்த தேர்வு. தேறினால் மேலே ஏற ஒரு வழி. இவற்றுக்கு மேல் மகுடம்போல் ஆயிரம் ரூபாய். மூன்றும் சேர்ந்திருந்ததால்தான் அப்பரிசு பலித்தது. இன்று நம் பல்கலைக்கழகங்கள் ஊக்கத்தொகைகளை எண்ணிப்பார்க்கும்போது மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றன. முதலிரண்டும் இல்லாத இடத்தில் தொகை எவ்வளவு உயர்ந்தாலும் அது பத்து டாலர்தான்.

ஓமலூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பெங்களூருக்கும் மறுபக்கம் சேலத்துக்கும் வண்டிகள் போகின்றன. படித்து முடித்த பிள்ளைகள் பெங்களூர் வண்டியில் ஏறுகிறார்கள். அங்கே போய் ஆறே மாதத்தில் கடைத்தெருக் கன்னடம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். யாரும் அவர்களுக்கு வராகன் தரவில்லை. தேவை கற்பித்தது. அந்தப் பேச்சுக் கன்னடத்திலிருந்து குவெம்புவின் கன்னடத்துக்கு ஒருவன் ஏற விரும்பினால் அவனுக்கு ஒரு நூலகமும், உடன் வாசிக்க ஒரு நண்பனும், அவன் உழைப்பை மதித்து ஒரு சான்றிதழில் எழுதித்தர ஒரு பல்கலைக்கழகமும் வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இதுவே பொருந்தும்.

கூலி கொடுக்கலாமா என்று தொடங்கினோம். கொடுக்கலாம். ஏழை மாணவனுக்கு நேரமே பணம். மாலையில் வேலைக்குப் போக வேண்டியவனுக்கு அந்த மாலையை மீட்டுத் தருகிற தொகை, பரிசைவிட மேலானது. ஆனால் பணம் கொடுப்பதோடு பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணினால், நம் கையிலும் 1854-ல் எஞ்சியது போலத் தேர்வு மட்டுமே எஞ்சும்.